தேங்காய்ச் சூரியனும் கடுகுப் பூமியும்



இம்மாதம் எனது தவறொன்றைச் சொல்லியே தொடங்குகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் அயல் வீட்டுப் பிள்ளைகள் சிலர் எங்கள் முற்றத்தில் கூடுவார்கள். சின்னச் சூராக்கள் மனனம், நபிமார் வரலாறு கொஞ்சம், பொது அறிவு கொஞ்சம், கடைசியில் பிளேன்டீயும் ரொட்டியும். இதுதான் எங்கள் வழமை. அப்படி ஒரு நாள் அல்லாஹ்வின் படைப்பின் நேர்த்தியைச் சொல்லப் போய், பல மேடைகளில் கேட்டிருந்த ஒன்றை நானும் சொல்லிவிட்டேன்.

“பிள்ளைகளே, நமது பூமி இப்போது இருக்கும் இடத்திலிருந்து ஓர் அங்குலம் சூரியனை நெருங்கினாலும் எரிந்து சாம்பலாகிவிடும். ஓர் அங்குலம் விலகினாலும் உறைந்து கட்டியாகிவிடும்.”

பிள்ளைகள் எல்லோரும் “ஸுப்ஹானல்லாஹ்” என்றார்கள். தரம் எட்டில் படிக்கும் ஒருத்தி மட்டும் பேசாமல் இருந்தாள். மற்றவர்கள் போன பிறகு, கோப்பைகளைக் கழுவித் தந்துகொண்டே மெதுவாகக் கேட்டாள்.

“மாமி, ஜனவரியில பூமி சூரியனுக்குக் கிட்ட வருமாம். ஜூலையில தூரப் போகுமாம். ரெண்டுக்கும் இடையில ஐம்பது இலட்சம் கிலோமீற்றர் வித்தியாசம் எண்டு எங்கட டீச்சர் சொல்லித் தந்தாங்க. அப்ப ஓர் அங்குலத்தில எப்படி மாமி எரியும்?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. “பார்த்துச் சொல்றன் மகள்” என்று அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கணக்கல்ல. அந்தப் பிள்ளை அடுத்து என்ன நினைப்பாள் என்பதுதான். ‘மாமி சொன்ன இது பிழையென்றால், மாமி சொல்லித் தந்த மற்றவையும்…?’ இப்படி ஒரு பிள்ளையின் உள்ளத்தில் கேள்வி விழுந்தால் அதற்கு யார் பொறுப்பு? அல்லாஹ்வைப் பற்றிப் பேசும்போது பொய்யான ஓர் உதாரணத்தை முட்டுக் கொடுத்த நான்தானே?

புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு மீண்டும் மாணவியானேன். படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

முற்றத்தில் ஒரு சூரியன்

பாடப் புத்தகத்தில் சூரியனையும் கோள்களையும் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்தில் சூரியன். அதையடுத்துப் பாசிமணி கோத்தது போல எட்டுக் கோள்கள் நெருக்கமாக வரிசையில் நிற்கும். அது புத்தகத்தின் குற்றமல்ல. உள்ளபடி வரைவதற்கு எந்தத் தாளிலும் இடம் போதாது. ஆனால் அந்தப் படத்தையே பார்த்து வளரும் பிள்ளைக்குத் தூரம் என்றால் என்னவென்று விளங்குவதில்லை.

ஆகவே அடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் தாளை விட்டுவிட்டு முற்றத்தில் இறங்கினோம். எங்கள் கணக்கு மிக இலேசானது. ஓர் இலட்சம் கிலோமீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர். சூரியனின் விட்டம் ஏறத்தாழ 14 இலட்சம் கிலோமீற்றர். எனவே 14 சென்ரிமீற்றர் அகலமான ஓர் உரித்த தேங்காய் சூரியனாயிற்று. நமது பூமியின் விட்டம் 12,742 கிலோமீற்றர்தான். அது ஒரு சென்ரிமீற்றரில் எட்டில் ஒரு பங்களவு. ஒரு கடுகு!

அடுக்களையிலிருந்தே மற்றக் கோள்களும் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் சூரியனிலிருந்து இருக்கும் சராசரித் தூரத்தையும், தேங்காயிலிருந்து நாங்கள் வைத்த இடத்தையும் கீழே தருகிறேன்.

புதன்: 579 இலட்சம் கி.மீ. ஒரு ரவைத் துணிக்கை. 6 மீற்றரில், கிணற்றடியில்.
வெள்ளி: 1,082 இலட்சம் கி.மீ. ஒரு கடுகு, 11 மீற்றரில், முருங்கை மரத்தடியில்.
பூமி: 1,496 இலட்சம் கி.மீ. இன்னொரு கடுகு, 15 மீற்றரில், கேற் வாசலில்.
செவ்வாய்: 2,279 இலட்சம் கி.மீ. அரைக் கடுகு, 23 மீற்றரில், ஒழுங்கையின் மறுபக்கம்.
வியாழன்: 7,786 இலட்சம் கி.மீ. ஒரு கண்ணாடி மாபிள். 78 மீற்றரில், ஆறாவது வீட்டு மதிலடியில்.
சனி: 14,335 இலட்சம் கி.மீ. ஊறவைத்த ஒரு கடலை; 143 மீற்றரில், சில்லறைக் கடையடியில்.
யுரேனஸ்: 28,725 இலட்சம் கி.மீ. ஒரு மிளகு, 287 மீற்றரில், பாடசாலை வாசலில்.
நெப்டியூன்: 44,951 இலட்சம் கி.மீ. இன்னொரு மிளகு, 450 மீற்றரில், பள்ளிவாசல் மதிலடியில்.

நாம் படித்த காலத்தில் ஒன்பதாவது கோளாகச் சொல்லப்பட்ட புளூட்டோ 2006 ஆம் ஆண்டில் குறுங்கோள் வகையில் சேர்க்கப்பட்டது. பிள்ளைகள் எட்டு என்றால் திருத்தப் போகாதீர்கள். அவர்கள் சொல்வதுதான் சரி.

முதல் நான்கும் எங்கள் வளவையும் ஒழுங்கையையும் தாண்டவில்லை. ஐந்தாவதிலிருந்து பிள்ளைகள் நடக்கத் தொடங்கினார்கள். பள்ளிவாசல் மதிலடியில் ஒரு மிளகைக் கையில் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து கண்ணுக்கே தெரியாத ஒரு தேங்காயை நினைத்துப் பார்த்தபோதுதான் சூரியக் குடும்பம் எவ்வளவு வெறுமையானது என்று அவர்களுக்கும் விளங்கியது, எனக்கும் விளங்கியது. இத்தனை தூரத்துக்கும் அந்த மிளகை விலகவிடாமல் பிடித்து வைத்திருப்பது அந்தத் தேங்காயின் ஈர்ப்புத்தான்.

ஒளி செக்கனுக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. எங்கள் கணக்கில் அது செக்கனுக்கு 3 சென்ரிமீற்றர். ஒரு சோம்பேறி எறும்பின் நடை! அந்த எறும்பு தேங்காயிலிருந்து கடுகுக்கு வர 8 நிமிடமும் 20 செக்கனும் எடுக்கும். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் பள்ளிவாசல் மதிலடி மிளகை அடைய மதியம் பன்னிரண்டு மணி கடந்துவிடும். நாம் இப்போது காணும் வெயில் எட்டு நிமிடத்துக்கு முன் சூரியனை விட்டு வந்தது என்பதன் பொருள் இதுதான்.

“அடுத்த தேங்காய் எங்கே?” என்று ஒரு சின்னவன் கேட்டான். நம் சூரியனைப் போன்ற அடுத்த அயல் நட்சத்திரம் அல்பா சென்ரோரி. எங்கள் கணக்கில் அது 4,100 கிலோமீற்றருக்கு அப்பால் வரும். கொழும்பிலிருந்து ரியாத் நகரம் ஏறத்தாழ அவ்வளவு தூரம். “எங்கட வாப்பா இருக்கிற இடம்!” என்றாள் ஒருத்தி. இரண்டு தேங்காய்களுக்கு நடுவே கடலும் பாலைவனமும் கிடக்கும் அந்தத் தூரம் அவளுக்கு எவரையும் விட நன்றாகவே விளங்கியிருக்கும்.

ஒரு முழ வித்தியாசம்

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம்.

பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமல்ல, சற்று நீள்வட்டம். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், 1,471 இலட்சம் கிலோமீற்றரில் இருக்கிறது. ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவாக, 1,521 இலட்சம் கிலோமீற்றரில் இருக்கிறது. வித்தியாசம் 50 இலட்சம் கிலோமீற்றர். பிள்ளை சொன்னது சரி. எங்கள் முற்றத்தில் அது 50 சென்ரிமீற்றர், ஒரு முழத்துக்குச் சற்றுக் கூட. வருடத்துக்கொரு முறை கடுகு தேங்காயை நோக்கி ஒரு முழம் வந்து திரும்பிப் போகிறது. எவரும் எரிந்ததில்லை, உறைந்ததுமில்லை.

நான் சொன்ன ஓர் அங்குலத்தை இந்தக் கணக்கில் சுருக்கினால் ஓர் அணுவை விடவும் சிறியதாகிவிடும்!

ஜனவரியில் சூரியன் நமக்கு மிக அருகில் இருக்கிறதே, அப்படியானால் அதுதானே கடும் வெப்பமான மாதமாக இருக்க வேண்டும்? நுவரெலியாவில் இருக்கும் சகோதரிகளைக் கேட்டுப் பாருங்கள். தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனி விழுவது அந்த ஜனவரி, பெப்ரவரி மாதங்களில்தான். நிலத்தின் உயரமும் மேகமற்ற வறண்ட இரவும் அந்தக் குளிரைத் தருகின்றன. சூரியன் அருகில் இருப்பது அதைத் தடுப்பதில்லை. ஜனவரியில் பூமிக்குக் கிடைக்கும் வெயில் ஜூலையை விட ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு அதிகம், அவ்வளவுதான். கோடையும் குளிர்காலமும் வருவதற்கு முக்கிய காரணம் பூமி 23.4 பாகை சரிந்தபடி சுற்றுவதே.

நமது முன்னோர் அளந்த விதம்

இந்தத் தூரங்களைக் கண்டறியப் பட்ட பாடு ஒரு பெரிய கதை. அதில் நம்மவர்களுக்கும் பங்குண்டு.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்ஃபர்கானி, சனி வரையுள்ள கோள்களின் தூரங்களை எழுதிவைத்தார். அவரது நூல் இலத்தீன் மொழிக்குச் சென்று ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் படிக்கப்பட்டது. சிரியாவின் ரக்கா நகரில் 877 முதல் 918 வரை வானத்தை அவதானித்த அல்பத்தானி, சூரியனின் தூரத்தைப் பூமியின் ஆரையைப் போல 1,108 மடங்கு என்று கொண்டார். உண்மையில் அது 23,000 மடங்குக்கும் மேல். இருபது மடங்குக்கு மேற்பட்ட பிழை! அவருக்கு முன் வந்த கிரேக்கர் தொலமியின் கணக்கும் அப்படித்தான் இருந்தது. 15 மீற்றருக்கு அப்பால் உள்ள ஒரு கடுகின் பருமனை வெறுங்கண்ணால் அளக்கச் சொன்னால் யாரால்தான் முடியும்?

ஆனால் அதே அல்பத்தானி ஒன்றைச் சரியாகக் கண்டார். சூரியன் நமக்குத் தோன்றும் அளவு வருடத்தில் சற்றுக் கூடிக் குறைகிறது. ஆகவே சந்திரனால் சூரியனை முழுதாக மறைக்க முடியாமல் ஓரத்தில் ஒரு வளையம் மிஞ்சும் கிரகணமும் வரலாம் என்றார். 2010 ஜனவரி 15 இலும் 2019 டிசம்பர் 26 இலும் நமது நாட்டின் வடபகுதியில் அப்படிப்பட்ட வளையக் கிரகணங்கள் தெரிந்தன. இரண்டும் சூரியன் நமக்கு அருகில் இருக்கும் காலத்தில் வந்தவை என்பதைக் கவனியுங்கள். பூமியின் தூரம் ஓர் அங்குலம் கூட மாறாது என்று நான் மேடையில் கேட்டதையே திருப்பிச் சொன்னேன். ஆயிரம் வருடங்களுக்கு முன்பே நமது அறிஞர் ஒருவர் அது மாறுவதைக் கணக்கில் எடுத்திருக்கிறார்!

1619 இல் ஜேர்மனியரான கெப்ளர் ஒரு விதியை வெளியிட்டார். ஒரு கோள் சூரியனைச் சுற்ற எடுக்கும் வருடங்களை அதே எண்ணால் ஒரு முறை பெருக்குங்கள். அதன் தூரத்தைப் பூமியின் தூரத்தோடு ஒப்பிட்டு, அந்த எண்ணை மூன்று தடவை எழுதிப் பெருக்குங்கள். இரண்டு விடையும் ஒன்றாக வரும். வியாழன் சுற்ற 11.86 வருடம், பூமியைப் போல 5.2 மடங்கு தூரம். இரண்டு வழியிலும் ஏறத்தாழ 140.6 வருகிறது. வீட்டில் கணிப்பான் இருந்தால் பிள்ளைகளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

இதனால் விகிதம் தெரிந்துவிட்டது. உண்மை அளவு தெரியவில்லை. மா மூன்று சுண்டு, சீனி ஒரு சுண்டு என்று குறிப்பு இருக்கிறது, ஆனால் சுண்டு எவ்வளவு பெரிது என்று தெரியாத நிலை! ஒரே ஒரு தூரத்தை அளந்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும். 1672 இல் பரிஸ் நகரிலிருந்து காசினியும், தென்னமெரிக்காவின் கயென்னிலிருந்து ரிஷேயும் ஒரே காலத்தில் செவ்வாயைப் பார்த்து அளந்தார்கள். மூக்குக்கு முன்னால் விரலை நீட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தோன்றும். அவர்கள் செய்ததும் அதுதான். ஒரு கண் பரிஸில், மறு கண் கயென்னில். சூரியனின் தூரம் ஏறத்தாழ 1,400 இலட்சம் கிலோமீற்றர் என்று வந்தது.

அடுத்து, வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடக்கும் அபூர்வ நாட்களைப் பயன்படுத்தினார்கள். அதற்காகப் புறப்பட்ட பிரெஞ்சுக்காரர் லெ ஜென்டிலின் கதையைக் கேட்டால் மனம் கசியும். 1760 இல் அவர் பாண்டிச்சேரிக்குக் கப்பலேறினார். போய்ச் சேருமுன் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றிவிட்டனர். 1761 ஜூன் 6 இல் ஆடும் கப்பலில் நின்று அளக்க முடியாமல் போயிற்று. அடுத்த வாய்ப்புக்காக எட்டு வருடங்கள் கீழைத் தேசங்களிலேயே தங்கினார். 1769 ஜூன் 4 காலை, பாண்டிச்சேரியில் எல்லாம் ஆயத்தம். சரியாக அந்த நேரத்தில் மேகம் சூரியனை மூடிவிட்டது. பதினொரு வருடங்களுக்குப் பின் ஊர் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாகக் கருதிச் சொத்தைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள்!

அவருக்குக் கிடைக்காதது மற்றவர்களுக்குக் கிடைத்தது. அந்த அவதானிப்புகளிலிருந்து சூரியனின் தூரம் ஏறத்தாழ 1,530 இலட்சம் கிலோமீற்றர் என்று கணித்தனர். 1961 இல் வெள்ளிக்கு ரேடார் அலையை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு அளந்தார்கள். 2012 இல் சர்வதேச வானியல் ஒன்றியம் 149,597,870.7 கிலோமீற்றர் என்ற தூரத்தையே வானியல் அலகாக நிலைநிறுத்தியது.

ஆயிரம் வருடங்களாக ஒருவர் பிழையை மற்றவர் திருத்தி வந்திருக்கிறார்கள். அதனால் அல்பத்தானியின் மதிப்புக் குறைந்ததா? இல்லை. தெரிந்ததைச் சொன்னார்; அளந்து சொன்னார். மேடையில் கேட்டதை அளக்காமல் சொன்னது நான்தான்.

தூரம் மட்டுமா?

அப்படியானால் பூமி இருக்கும் இடத்தில் விசேஷம் எதுவும் இல்லையா? இருக்கிறது. ஆனால் அது நான் சொன்னதை விடவும் ஆழமானது.

சந்திரனை எடுங்கள். எங்கள் முற்றத்தில் அது கடுகிலிருந்து நாலு சென்ரிமீற்றர் தள்ளியிருக்கும் ஒரு ரவைத் துணிக்கை. சூரியனிலிருந்து பூமி இருக்கும் அதே தூரம்தான். ஆனால் அங்கே பகலில் 120 பாகை செல்சியஸ் வரை கொதிக்கிறது. இரவில் பூச்சியத்துக்குக் கீழே 130 பாகை வரை இறங்குகிறது. காரணம், மூடிக்கொள்ளக் காற்றில்லை. வெள்ளியோ புதனை விடச் சூரியனுக்குத் தொலைவில் இருந்தும் புதனை விடச் சூடானது. 460 பாகைக்கும் மேல். காரணம், கரியமிலவாயு நிறைந்த கனத்த காற்றுப் போர்வை. நமது வளிமண்டலம் வெப்பத்தைப் பிடித்து வைத்திராவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையளவில் இருந்திருக்கும். இப்போது அது 15 பாகையளவில் இருக்கிறது.

ஆக, தூரம் ஒன்று, காற்று ஒன்று, நீர் ஒன்று, சுழற்சி ஒன்று. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன. கத்தி முனையில் நிற்பது போல் ஓர் அங்குலத்தில் தடுமாறும் உலகத்தையல்ல, வருடத்துக்கு 50 இலட்சம் கிலோமீற்றர் போய் வந்தும் ஒரு பச்சைக் கொழுந்துக்கும் சேதம் வராத உலகத்தையே அல்லாஹ் நமக்குத் தந்திருக்கிறான். இதைச் சொல்லிக்கொண்டே கடுகை ஒரு முழம் தள்ளி வைத்தபோது, முதலில் “ஸுப்ஹானல்லாஹ்” என்றது யார் தெரியுமா? அன்று பேசாமல் இருந்த அதே பிள்ளை.

நபியவர்கள் காட்டிய வழி

நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. குழந்தையின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு நபியவர்களுக்குப் பெருமை தேடித் தரும் பேச்சுத்தான். ஆனால் அதை அவர்கள் அப்படியே விட்டுவிடவில்லை. எவருடைய மரணத்துக்காகவோ பிறப்புக்காகவோ கிரகணம் பிடிப்பதில்லை, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்று தெளிவுபடுத்தித் தொழுகைக்கு அழைத்தார்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த துயரத்தின் நடுவிலும் உண்மையல்லாத ஒன்றின்மேல் மக்களின் ஈமான் ஊன்றி நிற்பதை அவர்கள் விரும்பவில்லை.

தாய்மார்களே! நமது பிள்ளைகள் பாடசாலையில் நிறையப் படிக்கிறார்கள். நாம் சொல்வதை நாளை அளந்து பார்ப்பார்கள். அவர்களிடம் ஒன்றைச் சொல்லுமுன் விசாரித்துக்கொள்வோம். தெரியாவிட்டால் “பார்த்துச் சொல்றன் மகள்” என்போம். சொன்னபடி பார்த்துச் சொல்லவும் செய்வோம். பிழையாகச் சொல்லியிருந்தால், எத்தனை பேர் முன்னால் சொன்னோமோ அத்தனை பேர் முன்னாலேயே திருத்துவோம். அந்த வெள்ளிக்கிழமை நான் அப்படித்தான் தொடங்கினேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதன் பின் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் குறையவில்லை, கூடியிருக்கின்றன. அல்ஹம்துலில்லாஹ்.

வருகிற பாடசாலை விடுமுறையில் நீங்களும் ஒரு தேங்காயை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்குங்கள். கேற் வாசலில் வைக்கும் கடுகை மட்டும் காற்று கொண்டுபோகாமல் ஒரு தாளில் ஒட்டி வையுங்கள். நாமெல்லோரும் இருப்பது அதன் மேல்தான்!

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.